வயதில் 12 ஆண்டுகளை மறைத்த பாடகி

நியூயோர்க் நகரத்தின் கிழக்காற்றின் நடுவே ஒடுங்கி நீண்ட தீவொன்று கிடக்கின்றது. ரூஸ்வெல்ட் தீவு என்பது அதன் பெயர். அதன் தென்பகுதியில், நாட்பட்ட நோயாளருக்கென அமைந்த கோல்ட்வாட்டர் ஞாபகார்த்த வைத்தியசாலை நெடுங்காலம் இயங்கி வந்தது. அங்கே இருபது ஆண்டுகள் பணியாற்றிய உதவித் தாதி ஒருவருக்கு 1977ஆம் ஆண்டில் கட்டாய ஓய்வு கொடுக்கப்பட்டது. நிர்வாகத்தின் ஏடுகளின்படி அவருக்கு வயது 70 ஆகிவிட்டது. விதிப்படி அவர் விலகியே ஆகவேண்டும். அவரோ மனமின்றியே விலகினார். அவருடைய உண்மையான வயது 82 என்பதை நிர்வாகம் அறிந்திருக்கவில்லை. ஒருகாலத்தில் சிக்காகோவிலும் பாரிசிலும் இலண்டனிலும் பெயர்பெற்று விளங்கிய பாடகி அவர் என்பதும் உடன் பணிபுரிந்தோரில் அநேகருக்குத் தெரியாது.

அல்பேட்டா ஹன்டர் என்பது அந்த அம்மையாரின் பெயர். புளூஸ் இசையைப் பற்றிப் பேசுவோர் முதலில் பெசி ஸ்மித்தின் பெயரைச் சொல்வர். அடுத்து மா ரெய்னியைச் சொல்வர். லூயி ஆம்ஸ்ட்ரோங்கின் எக்காளத்தை எமது வாசகர்களிற் பலர் வானொலியிலேனும் கேட்டிருப்பர். பெசி ஸ்மித்துக்கு முதற்புகழைத் தேடித்தந்த பாடலை இயற்றியவருள் ஒருவரும், ஆம்ஸ்ட்ரோங் இளைஞராயிருந்த நாளில் அவரோடு சேர்ந்து இசைத்தட்டிற் பாடியவருமாகிய இவரை அறிந்தவர்களோ சிலர். அந்தச் சிலரோடு எமது வாசகர்களும் சேர வேண்டும் என்னும் விருப்பினால் அவரது வரலாற்றை இங்கே தருகின்றோம்.

புளூஸ் என்பது அமெரிக்காவின் தென் மாநிலங்களில், அடிமைத்தளையிலிருந்து சட்டத்தால் விடுபட்டும் வாழ்வில் விடுபடாதிருந்த கறுப்பின மக்களிடையே 19ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி உருவான பாடல் முறை. பெரும்பாலும் மூன்று அடிகளாலானது. முதலடியைப் பாடுபவர் இருமுறை பாடுவார்; மூன்றாமடி அதற்கு விடைபோல வந்து விழும். பிரிவு, வறுமை, துரோகம், புகையிரதம் ஏறிப் போய்விடும் ஆசை ஆகியனவே பொருள். துயரத்தைப் பாடும் இசை என்று இதனைச் சுருக்கிச் சொல்வதுண்டு. அது பாதி உண்மை. துயரத்தைப் பார்த்து நகைப்பதும் புளூசில் உண்டு. அல்பேட்டா அம்மையார் இரண்டிலும் வல்லவர். இரட்டைப் பொருள் வைத்த குறும்புப் பாடல்களை 80 வயதைக் கடந்த பின்னரும் முகத்திற் சிறிதும் கூச்சமின்றிப் பாடி மண்டபத்தைச் சிரிக்கவைத்தவர்.

அவர் 1895ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 1ஆம் திகதி டெனசி மாநிலத்து மெம்பிஸ் நகரிற் பிறந்தார். அந்நகரம் அன்று கறுப்பின மக்களுக்கு எத்தகைய இடமாக இருந்தது என்பதை ஒரு செய்தியால் உணர்த்தலாம். அவர் பிறப்பதற்கு 3 ஆண்டுகளுக்கு முன்னர், 1892இல், வெள்ளையரின் கடையோடு போட்டியாகப் பலசரக்குக் கடை நடத்திய கறுப்பினத்தவர் மூவரைக் கும்பலொன்று சிறையிலிருந்து இழுத்துச் சென்று சுட்டுக்கொன்றது. அதனைக் கண்டித்து எழுதிய ஐடா வெல்ஸ் என்னும் பெண் பத்திரிகையாளரின் அலுவலகம் அழிக்கப்பட்டது. அவர் ஊர் திரும்ப இயலாது வடக்கிலேயே தங்கிவிட்டார். அல்பேட்டா பிறந்த மறு ஆண்டில், வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனி இடம் வகுக்கும் சட்டங்கள் செல்லுபடியாகும் என்று அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தந்தையார் சார்ள்ஸ் ஹன்டர் புகையிரதத்தின் துயிற்பெட்டிகளிற் பணியாளராக இருந்தவர். மகள் சிறு குழந்தையாயிருந்தபோதே குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். தந்தை இறந்துவிட்டார் என்று பிள்ளைக்குச் சொல்லப்பட்டது. தாயார் லோரா, விலைமாதர் இல்லமொன்றிற் பணிப்பெண்ணாக உழைத்தே பிள்ளைகளை வளர்த்தார். தாம் துப்புரவு செய்த இடம் எதுவாயினும் தமது வீட்டின் ஒழுக்கத்தில் அந்தத் தாயார் மிகக் கண்டிப்பானவர். பின்னர் அவர் மறுமணம் செய்தார். புதிய வீட்டில் அல்பேட்டாவுக்கு மனம் ஒட்டவில்லை.

சிக்காகோவில் பாட்டுப் பாடும் பெண்களுக்கு வாரம் 10 டொலர் கிடைக்கின்றது என்ற பேச்சு அவர் காதில் விழுந்தது. வீட்டாரிடம் சொல்லாமலே புகையிரதம் ஏறிவிட்டார். அப்போது தமக்கு 11 வயது என்று அம்மையார் பிற்காலத்திற் சொல்லிவந்தார். வரலாற்றாசிரியர்கள் கணக்குப் பார்த்து 16 வயது என்கின்றனர். அவருடைய வாழ்வில் வயது என்பது என்றுமே சற்று இளகிய பொருளாகத்தான் இருந்தது.

சிக்காகோவில் முதலிற் கிடைத்தது பாட்டு அன்று, உருளைக்கிழங்கு. விடுதியொன்றின் சமையலறையில் கிழங்கு உரிக்கும் வேலை. உணவும் படுக்கையும் போக வாரம் 6 டொலர். அதிலும் ஒரு பங்கைத் தாயாருக்கு அனுப்பினார். இரவானதும் வயதில் மூத்தவள்போல் உடுத்துக்கொண்டு, பாட இடம் தாருங்கள் என்று கேட்டுத் திரிந்தார். பலமுறை துரத்தப்பட்ட பின்னர், டேகோ பிராங்க் என்பவரின் விடுதியில் இடம் கிடைத்தது. அது கள்வரும் விலைமாதரும் கூடும் இடம். அங்கிருந்த பெண்களே தம்மைப் பிள்ளைபோற் காத்தனர் என்று அல்பேட்டா இறுதிவரை நன்றியோடு நினைவுகூர்ந்தார். சிறிது காலத்தில் தாயாரும் மெம்பிஸை விட்டு மகளிடமே வந்து சேர்ந்தார். அன்று தொடங்கித் தாயாரின் மரணம்வரை, எந்த நாட்டிற் பாடினாலும் அவரது உழைப்பின் பயன் தாயாரின் வீட்டுக்கே போயிற்று.

படிப்படியாக நல்ல அரங்குகள் கிட்டின. டோனி ஜாக்சன் என்னும் பியானோக் கலைஞர் அவருக்குப் புதிய பாடல்களைப் பழக்கி, சொந்தமாகப் பாடல் இயற்றுமாறும் ஊக்கினார். 1917 முதல் டிரீம்லாண்ட் என்னும் புகழ்பெற்ற நடன மண்டபத்தில் பாடினார். நியூ ஓர்லியன்ஸிலிருந்து வந்த கிங் ஒலிவரின் குழு அங்கே வாசித்தது. அக்காலத்தில் ஒலிபெருக்கி கிடையாது. ஆடுவோரின் சந்தடிக்கும் பித்தளை வாத்தியங்களுக்கும் மேலாகக் குரல் எழவேண்டும். எழுந்தும் சொல் தெளிவாகக் கேட்கவேண்டும். 80 வயதுக்குப் பின்னர் பதிவான அவரது இசைத்தட்டுகளிலும் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியே விளங்குவது இந்தப் பயிற்சியினாலேயே என்று கருதுகின்றோம்.

1920ஆம் ஆண்டில் மேமி ஸ்மித் பாடிய புளூஸ் இசைத்தட்டு எதிர்பாராத விற்பனையைக் கண்டது. கறுப்பின மக்களும் இசைத்தட்டு வாங்குவர் என்பதைக் கொம்பனிகள் அன்றுதான் கண்டுகொண்டன. பாடகிகளைத் தேடி ஆள் அனுப்பின. அல்பேட்டா 1921இல், கறுப்பினத்தவரான ஹரி பேஸ் என்பவர் நியூயோர்க்கில் நிறுவிய பிளாக் ஸ்வான் நிறுவனத்துக்குப் பாடினார். மறு ஆண்டில் பரமவுண்ட் நிறுவனத்துக்கு மாறினார். 1922இல், லவி ஓஸ்டின் என்னும் பெண் பியானோக் கலைஞருடன் சேர்ந்து தாம் இயற்றிய டவுன்ஹார்ட்டெட் புளூஸ் என்ற பாடலை அங்கே பதிவு செய்தார்.

இந்தப் பாடலின் கதையைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். 1923 பெப்ரவரியில், அதுவரை இசைத்தட்டு எதுவும் வெளிவராத பெசி ஸ்மித் கொலம்பியா நிறுவனத்துக்காக இதே பாடலைப் பாடினார். சில மாதங்களில் ஏறத்தாழ 780,000 தட்டுகள் விற்றதாகக் கணக்குண்டு. பெசி ஸ்மித் புகழின் உச்சிக்குச் சென்றார். நிதி நெருக்கடியில் இருந்த கொலம்பியா நிறுவனமும் மூச்சுவிட்டது. பாடலை இயற்றியவருக்குக் கிடைத்ததோ 368 டொலர். பாடலின் பதிவுரிமை அவர் அறியாமலே கைமாறியிருந்தது. உரிமைப்பணமும் வேறு கைக்குச் சென்றுகொண்டிருந்தது. உண்மையை அறிந்ததும், அதற்குப் பொறுப்பானவருக்குப் பாடுவதை அவர் நிறுத்திக்கொண்டார். வழக்காட அன்று அவருக்கு வசதி இல்லை. பெசி ஸ்மித்தின் மீது அவர் இதற்காகக் குறை சொன்னதில்லை. பெசியைப் போலப் புளூஸ் பாட எவராலும் இயலாது என்றே கடைசிவரை சொல்லிவந்தார். தாளில் என்ன எழுதியிருக்கின்றது என்பதை ஊன்றிப் பார்க்கும் வழக்கமும், பணத்தில் மிகுந்த சிக்கனமும் அவருக்கு இந்நிகழ்ச்சிக்குப் பின்னரே வலுப்பெற்றன என்று எண்ண இடமுண்டு.

தாளும் பெயரும் பற்றிய மற்றொரு செய்தியும் உண்டு. ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் இருக்கும்போது வேறொரு நிறுவனத்துக்குப் பாடுதல் ஆகாது. அல்பேட்டா பெயரை மாற்றிக்கொண்டு பாடினார். சில தட்டுகளில் அவர் மே அலிக்ஸ். சிலவற்றில் ஜோசபின் பீற்றி. பின்னது அவருடைய தாய்வழித் தங்கையின் பெயர். 1924இன் இறுதியில் ரெட் அனியன் ஜாஸ் பேபீஸ் என்ற குழுவோடு, லூயி ஆம்ஸ்ட்ரோங் எக்காளம் ஊத, ஜெனட் நிறுவனத்துக்காக அவர் பாடிய தட்டுகள் இன்று ஜாஸ் ஆர்வலர் போற்றிக் காப்பவை. அவற்றின் ஒட்டுத்தாளில் அவருடைய சொந்தப் பெயர் இல்லை.

1923இல் அவர் நியூயோர்க்குக்கு இடம்பெயர்ந்திருந்தார். பிரோட்வே அரங்கில் ஹவ் கம் என்ற இசை நாடகத்தில் பெசி ஸ்மித் விலகிய இடத்தில் நடித்துப் பெயர்பெற்றார். 1919இல் வில்லர்ட் டவுன்சென்ட் என்பவரை மணந்திருந்தார். அம்மணம் நெடுநாள் நிலைக்கவில்லை. 1923இல் சட்டப்படி முறிந்தது. டவுன்சென்ட் பின்னாளில் புகையிரத நிலையச் சுமைதூக்குவோரின் தொழிற்சங்கத் தலைவராகப் பெரும்பெயர் எடுத்தார். அல்பேட்டாவின் உண்மையான வாழ்க்கைத் துணை லொட்டி டைலர் என்னும் பெண்மணியே என்று அவர் காலமான பின்னர் வெளிவந்த வரலாறு கூறுகின்றது. உயிரோடிருந்த காலத்தில் அவர் அதனை வெளியே பேசியவரல்லர்.

1927ஆம் ஆண்டு இருவரும் பிரான்சுக்குக் கப்பலேறினர். அந்நாளைய பாரிசில் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் பலர் குடியேறியிருந்தனர். சொந்த நாட்டில் முன்வாசலால் நுழைய முடியாத உணவகங்கள்போன்ற இடங்களில் இங்கே அவர்கள் மேசை போட்டு அமர்ந்தனர். அல்பேட்டா பிரெஞ்சுப் பாடல்களைக் கற்று அவற்றையும் பாடினார். போன நாட்டின் மொழியிற் சிலவேனும் பாடுவது என்ற வழக்கத்தை அவர் பின்னரும் கைவிடவில்லை.

1928 ஜனவரியில் தேம்ஸ் நதி பெருகி இலண்டனில் 14 பேர் மாண்டனர். பாதிக்கப்பட்டோருக்கு நிதி திரட்டும் நிகழ்ச்சியொன்றில் அல்பேட்டா பாடினார். ஷோ போட் என்னும் இசை நாடகத்தை இலண்டனில் மேடையேற்ற ஆயத்தம் செய்துகொண்டிருந்தோரின் கவனம் அவர்மீது விழுந்தது. அவ்வாண்டு மே 3ஆம் திகதி டுரூரி லேன் றோயல் அரங்கில் நாடகம் தொடங்கியது. மாபெரும் பாடகராகிய போல் றோப்சன் ஜோவாகவும், அல்பேட்டா அவரது மனைவி குவீனியாகவும் நடித்தனர். நாடகம் 350 முறை நடைபெற்றது. மெம்பிஸில் இருந்திருந்தால் பின்வாசலால்கூட நுழைய முடியாத தரத்து அரங்கில் பத்து மாதங்கள் அவர் நின்று பாடினார்.

அடுத்த பத்து ஆண்டுகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். அமெரிக்காவில் பொருளாதார வீழ்ச்சி இசைத்தட்டுத் தொழிலை முறித்துப்போட்டது. அவர் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே போய்வந்தார். பாரிஸ், கொப்பன்ஹேகன், எகிப்து என்று பல இடங்களிற் பாடினார். 1934இல் இலண்டன் டோர்செஸ்டர் ஹோட்டலில் ஜாக் ஜாக்சனின் வாத்தியக் குழுவோடு பாடியபோது அவர் பாடியவை புளூஸ் அல்ல; மெல்லிய காதற் பாடல்கள். இரண்டையும் ஒரே குரல் பாடியது என்பதை நம்ப முடியாதிருக்கும். ஐரோப்பாவிற் போர் மேகம் திரண்டபோது நாடு திரும்பினார். 1939இல் ஈதெல் வோட்டர்ஸ் முதன்மைப் பாத்திரமேற்ற மம்பாஸ் டோட்டர்ஸ் நாடகத்தில் நடித்தார்.

போர்க்காலத்தில், படையினருக்குக் கலைநிகழ்ச்சி வழங்கும் அமைப்பின் கீழ், 1944இல் கறுப்பினக் கலைஞர் குழுவொன்றைத் தலைமை தாங்கி இந்தியா, பர்மா, சீனப் போர்முனைக்குச் சென்றார். அசாமின் லெடோவிலிருந்து பர்மாவை ஊடறுத்துச் சீனத்துக்கு நெடுஞ்சாலை அமைத்த அமெரிக்கப் படையினரிற் பெரும்பான்மையோர் கறுப்பினத்தவர். அமெரிக்கப் படையில் வெள்ளையரும் கறுப்பரும் அன்று வெவ்வேறு அணிகளிலேயே இருந்தனர். பிரிவினையை ஒழிக்கும் ஆணை 1948இலேயே பிறந்தது. 1945இல் ஜேர்மனியின் பிராங்பேர்ட்டில் தளபதி ஐசனோவரின் முன்னிலையிலும் பாடினார். கொரியப் போர்க்காலத்திலும் இவ்வாறே சென்றுவந்தார்.

1950களின் நடுவில் அவருக்கு வயது 60 ஆகியது. இளைஞர் விரும்பிய இசை மாறிவிட்டது. அழைப்புகள் குறைந்தன. அல்பேட்டா சோம்பியிருக்கத் தெரியாதவர். நியூயோர்க் வைத்தியசாலையொன்றில் ஊதியமின்றித் தொண்டு செய்யத் தொடங்கினார். அந்நிலையில் 1957இல் தாயார் லோரா காலமானார்.

அல்பேட்டாவின் பாட்டு அன்றோடு நின்றுவிட்டது. 46 ஆண்டுகளுக்கு முன்னர் சமையலறையிற் கிழங்கு உரித்து அனுப்பிய பணம் தொடங்கி, அவர் எவருக்காகப் பாடினாரோ அவர் இல்லை. அழைப்புக் குறைந்ததுதான் காரணம் என்று சொல்வோரும் உளர். நாம் அப்படி எண்ணவில்லை. அழைப்பு வந்திருந்தாலும் அவர் போயிருக்கமாட்டார் என்பதைப் பின்வந்த இருபது ஆண்டுகள் காட்டுகின்றன.

அவர் தாதியாக முடிவுசெய்தார். தடைகள் இரண்டு. வயது 62, கையில் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் இல்லை. வயதில் 12 ஆண்டுகளைக் குறைத்து 50 என்று எழுதினார். படித்து முடிக்காத பள்ளிக்குச் சான்றிதழ் ஒன்று உண்டென்று காட்டினார். ஹார்லத்தில் இளம் பெண்கள் கிறிஸ்தவ சங்கம் நடத்திய உதவித் தாதியர் பயிற்சியில் சேர்ந்து, தம்மிலும் மிக இளையவர்களோடு வகுப்பில் அமர்ந்து, தேர்விற் சித்தியடைந்தார். பயிற்சியும் தேர்வும் மெய்யானவை. பிறந்த ஆண்டும் பழைய சான்றிதழும் மட்டுமே பொய்.

இதனைக் குற்றம் என்று சட்டம் சொல்லும். இந்த அளவோடு அதனை விட்டுவிடாமல் ஒரு சிறிய கணக்கையும் பார்க்கும்படி வாசகர்களைக் கேட்கின்றோம். உண்மை வயதை எழுதியிருந்தால் அவரைப் பயிற்சிக்கே எடுத்திருப்பது ஐயம். எடுத்திருந்தாலும் 1965இல் 70 வயதாகி வெளியே அனுப்பப்பட்டிருப்பார். அவர் வெளியேறியதோ 1977இல். அந்த 12 ஆண்டுகளிலும் அவர் கைபட்டுக் குளித்தும் உண்டும் மருந்து அருந்தியும் ஆறுதலடைந்த நோயாளருக்கு, ஏட்டில் இருந்த பிழையினாலேயே அவர் கிடைத்தார். கோல்ட்வாட்டர் வைத்தியசாலைக்கு வந்தோர் நாலு நாளிற் குணமாகி வீடு செல்பவரல்லர். ஆண்டுக்கணக்காகப் படுக்கையிற் கிடப்போர்; பார்க்க வருவோர் குறைந்தோர். அவர்களைப் புரட்டிப் படுக்கவைப்பதும், துடைத்து ஊட்டுவதும், பக்கத்தில் இருப்பதுமே தாதியின் வேலை. எமது வாசகர்களிற் பலர் இவ்வேலையை இந்நாடுகளின் வைத்தியசாலைகளிலும் முதியோர் இல்லங்களிலும் செய்கின்றவர்கள். நாம் விளக்கத் தேவையில்லை. ஊரில் தாம் யாராக இருந்தோம் என்பதை வேலைத்தலத்திற் சொல்லாமல் இருப்பது எப்படிப்பட்டது என்பதையும் அவர்கள் அறிவர்.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அல்பேட்டாவுக்கு அந்த மௌனம் வேறு வழியின்றி வந்ததன்று, அவரே தேர்ந்துகொண்டது. 1961இல் கிறிஸ் அல்பெர்ட்சன் என்னும் இசை ஆய்வாளர் தேடி வந்து வற்புறுத்தியதால் இரண்டு இசைத்தட்டுகளுக்குப் பாடிக்கொடுத்தார். ஒன்றில் விக்டோரியா ஸ்பைவி, லூசில் ஹெகமின் என்ற பழைய பாடகிகளோடு சேர்ந்து பாடினார்; மற்றையதிலே பழைய தோழி லவி ஓஸ்டின் பியானோ வாசித்தார். பதிவு முடிந்ததும் தாதிச் சீருடைக்குத் திரும்பிவிட்டார். மேடைக்கு வரச் சொன்னவர்களுக்கு மறுத்துரைத்தார். இசை உலகத்தார் இந்த இருபது ஆண்டுகளை வீணான காலம் என்று எழுதுவதுண்டு. அம்மையார் ஒருபோதும் அவ்வாறு சொன்னதில்லை. தமது வாழ்வின் மிக நல்ல காலங்களுள் ஒன்றாகவே அதனைக் கருதினார். பாடகி மறைந்து கிடந்தார் என்று இரங்குவோர், அந்த வார்டில் இருந்த நோயாளியின் பக்கத்தில் நின்றும் ஒருமுறை பார்க்கவேண்டும்.

1977இல் ஓய்வு கொடுக்கப்பட்டபோது அவர் மனம் நொந்தார். அவ்வாண்டு கோடையில், பாடகி மேபல் மெர்சருக்காக நடந்த விருந்தொன்றுக்குச் சென்றார். அங்கே அவர் பாடக் கேட்ட ஒருவர், கிரீனிச் வில்லேஜில் த குக்கரி என்ற உணவகத்தை நடத்திவந்த பார்னி ஜோசப்சனிடம் அவரைப் பற்றிச் சொன்னார்.

ஜோசப்சனைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லவேண்டும். 1938இல் அவர் நியூயோர்க்கில் திறந்த கபே சொசைற்றி என்னும் இரவு விடுதியில்தான் வெள்ளையரும் கறுப்பரும் மேடையில் மட்டுமன்றிப் பார்வையாளர் மேசைகளிலும் கலந்து அமர்ந்தனர். பில்லி ஹொலிடே அங்கேதான் பாடினார். பின்னர் கம்யூனிஸ்ட் வேட்டைக் காலத்தில் அவருடைய சகோதரர் விசாரணைக்கு உள்ளாக, பத்திரிகைகளின் தாக்குதலால் விடுதியை இழந்தார். இழந்தவருக்கு இழந்தவரின் அருமை தெரியும்போலும். 82 வயதுப் பெண்மணியைத் தமது உணவகத்தில் இரண்டு வாரம் பாடுமாறு அழைத்தார்.

1977 ஒக்டோபரில் அல்பேட்டா அங்கே பாடத் தொடங்கினார். காதுகளிற் பெரிய வளையங்கள். பக்கத்திற் பியானோவில் ஜெரல்ட் குக். குரல் முன்னிலும் தடித்து ஆழமாகியிருந்தது. தாளமும் சொல்லும் அசையவில்லை. இரண்டு வாரம் என்று தொடங்கியது ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் நீடித்தது. பத்திரிகைகள் எழுதின, தொலைக்காட்சி அழைத்தது. ரிமெம்பர் மை நேம் என்ற திரைப்படத்துக்குப் பாடல்களை இயற்றிப் பாடினார். பெசி ஸ்மித்தின் கடைசிப் பதிவுகளை ஒழுங்குசெய்த ஜோன் ஹமண்ட் அவரைக் கொலம்பியா நிறுவனத்துக்கு அழைத்துச் சென்றார். 55 ஆண்டுகளுக்கு முன்னர் அல்பேட்டாவின் பாடலால் இலட்சக்கணக்கில் விற்ற அதே நிறுவனம். 1980இல் வெளிவந்த அம்ட்ராக் புளூஸ் என்ற நெடுந்தட்டை வாசகர்கள் நூலகங்களிற் தேடிக் கேட்கலாம். குடித்துவிட்டுத் தள்ளாடும் குரலென்று புளூசைப் பற்றி எவரேனும் எண்ணியிருந்தால், எண்ணத்தை அது மாற்றிவிடும். அம்மையார் மதுவைத் தொடாதவர்.

ஜனாதிபதி கார்ட்டர் வெள்ளை மாளிகையிற் பாட அழைத்தபோது, அது தமது ஓய்வு நாள் என்று முதலில் மறுத்துவிட்டார். நாள் மாற்றப்பட்ட பின்னரே சென்றார். இதனைச் செருக்கு என்று சிலர் நகைச்சுவையாக எழுதினர். வாரத்துக்கு எத்தனை நாள் வேலை, எந்நாள் ஓய்வு என்பதை இருபது ஆண்டு வைத்தியசாலைப் பட்டியலிற் பார்த்துப் பழகியவருக்கு அது இயல்பானதே என்று எமக்குத் தோன்றுகின்றது. புகழ் வந்த பின்னரும் அவர் மாளிகை வாங்கவில்லை. ரூஸ்வெல்ட் தீவிலிருந்த எளிய அடுக்குமாடிக் குடியிருப்பிலேயே வாழ்ந்தார். வெளியே செல்லும்போது அணிந்த உடையைக் கண்டு அவரை எவரும் பாடகி என்று அறியமாட்டார்கள்.

உடல் தளர்ந்த பின்னரும் பிரேசில் வரை சென்று பாடினார். 1984ஆம் ஆண்டு ஒக்டோபர் 17ஆம் திகதி, தமது 89ஆவது வயதில், அத்தீவிலிருந்த வீட்டிலேயே காலமானார். புளூஸ் இசையின் புகழ் மண்டபத்தில் 2011இல் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. சொல்லாமற் புகையிரதம் ஏறி வெளியேறிய மெம்பிஸ் நகரமும் 2015இல் தனது இசைப் புகழ் மண்டபத்தில் அவரைச் சேர்த்துக்கொண்டது. கோல்ட்வாட்டர் வைத்தியசாலை 2013ஆம் ஆண்டின் இறுதியோடு மூடப்பட்டு இடிக்கப்பட்டது. அந்த நிலத்தில் 2017இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப வளாகம் திறக்கப்பட்டது.